சைலன்சரை அறுக்க மாட்டேன் என்றால் வேலை தெரியாதவனா?

கடலூரில் இருக்கிற என் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்து சைலன்சரை அறுக்கச் சொன்னான் ஒரு தம்பி, மாட்டேன் என்றதும் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். அதை ஊரே பார்த்துவிட்டது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. என் பட்டறை வாசலில் நின்றுகொண்டே எடுத்து, "ஒரு பைப் வெல்டிங் வைக்கத் தெரியாதவன்லாம் பட்டறை வெச்சிருக்கான்" என்று மேலே எழுதியும் போட்டிருக்கிறான் அந்தத் தம்பி. எனக்கு வெல்டிங் தெரியும். தெரிந்துதான் மாட்டேன் என்றேன்.

அவன் கேட்டது இதுதான். பின்னால் இருக்கிற சைலன்சர் டப்பாவை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர் பைப் ஒன்றை வைக்க வேண்டும், வண்டி "ரேஸ் கார் மாதிரி" உறும வேண்டும். பாண்டிச்சேரியில் ரெண்டாயிரத்துக்குச் செய்து தருகிறார்களாம். தருவார்கள். ஒரு துண்டு இரும்பு பைப், இரண்டு இடத்தில் வெல்டிங், அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? அந்த டப்பாவைச் செய்வதில்தான் வித்தை இருக்கிறது. உள்ளே ஓட்டை போட்ட குழாய்கள், அறை அறையாகத் தடுப்புத் தகடுகள், புகையோடு வருகிற சத்தம் அங்கே மோதி மோதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு அதற்கு மாடிஃபிகேஷன் என்று பெயர் வைக்கிறீர்கள்.

சத்தம் கூடினால் இழுவை கூடாது. எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது? எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடுகிற மேனிஃபோல்டு அதேதான், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் அதேதான், எஞ்சினும் அதே சின்ன நாலு சிலிண்டர்தான், கடைசி டப்பாவை மட்டும் எடுத்தால் காலுக்குத் தெரிகிற அளவுக்குப் பிக்கப் எங்கிருந்து வரும்? காதுக்குத்தான் வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். 3000 ஆர்.பி.எம்.மில், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, அதில் விநாடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கிறது. டப்பா இல்லாமல் இ.சி.ஆரில் சென்னை வரைக்கும் அந்த ஒரே "ம்ம்ம்" சத்தத்தை உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், மகாபலிபுரம் வருவதற்குள் தலை வலிக்கும்.

இன்னொன்றையும் அவனிடம் அன்றைக்கே சொன்னேன், அதை மட்டும் வீடியோவில் வெட்டிவிட்டான். மலிவாகச் செய்கிறவர்கள் பைப்பைப் பம்பர் வரைக்கும் கொண்டுபோக மாட்டார்கள், வண்டிக்கு அடியிலேயே முடித்துவிடுவார்கள். வெல்டிங்கிலும் ஒரு முடி அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். சில்வர் பீச்சில் வண்டியை நிறுத்தி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புகை டிக்கி வழியாக உள்ளே வரலாம். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். இதைச் சொன்னவன் வேலை தெரியாதவன்!

"என் வண்டி, என் காசு" என்கிறார்கள். வண்டி உன்னுடையது, சரி. ராத்திரி பதினோரு மணிக்கு அரசு தலைமை மருத்துவமனை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்தாயே, உள்ளே படுத்திருப்பவர்களின் தூக்கமும் உன்னுடையதா? ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு என்று 2000-லேயே விதி போட்டாயிற்று. கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. சத்த விதியை மீறி ஓட்டினால் அதே சட்டத்தின் 190(2)-இல் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லை மூன்று மாதம் வரை சிறை, இல்லை இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. நாளைக்குப் பிடித்தால் "அந்தப் பட்டறையில்தான் செய்தேன்" என்று கை காட்டப்போவதும் இதே ஆள்தான்.

புல்லட்காரர்களை ஏன் கேட்பதில்லை, கட்சி ஊர்வலத்தை ஏன் கேட்பதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர்களையும் கேட்கிறேன். ஆனால் அவர்கள் யாரும் என் பட்டறைக்கு வந்து என்னை அசிங்கப்படுத்தவில்லை.

இப்போது எனக்கு உண்மையில் வலித்த விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவில் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. "இந்தப் பெருசுக்குக் காதே கேக்காது, இவங்க சத்தத்தப் பத்திப் பேசுறாங்க" என்று சிரிக்கிறான், கூட நாலு பேர் சிரிக்கிறார்கள். அவருக்கு ஏன் கேட்காது தெரியுமா? வாழ்நாள் முழுக்கத் தகடு மேல் சுத்தியலும் கிரைண்டரும். காதுக்கு எதையாவது மாட்டிக்கொள் என்று அந்தக் காலத்தில் சொல்ல ஆளில்லை. உட்காதில் இருக்கிற மயிர்செல்கள் ஒருமுறை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது என்றார் டாக்டர்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துக் கடலூரே இருட்டில் கிடந்தபோது, தண்ணீர் ஏற்ற எங்கள் தெருவில் ஒரு வாடகை ஜெனரேட்டர் ஓடியது. கைக்குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது என்று எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னார்கள். அப்பா ஒரு பழைய லாரி சைலன்சரைத் தேடி எடுத்து, கரண்ட் இல்லாததால் கேஸ் வெல்டிங்கிலேயே அதை ஜெனரேட்டர் புகைக்குழாயோடு சேர்த்து வைத்தார். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. இங்கே கடல் காற்றுக்குச் சைலன்சர் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், அதில் விழுந்த ஓட்டைகளை அடைத்து அடைத்துத்தான் அவர் எங்களைப் படிக்க வைத்தார். அவர் கண் முன்னால் நல்ல சைலன்சரை நான் அறுக்க வேண்டுமாம்.

பிழைக்கத் தெரியாதவன் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். மாதம் இப்படி நாலு வண்டி வந்தால் வாடகைக்கு ஆகும், எனக்கும் கணக்குத் தெரியும். இருந்தாலும் செய்ய மாட்டேன். வீடியோவை எடுக்கச் சொல்லியும் கெஞ்ச மாட்டேன், அப்பா வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட வேண்டும், அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை பைப் வைத்துத் தந்த அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால், பழைய இரும்புக்குப் போவதற்குள் போய் வாங்கி வை. புதிது உனக்கு ரெண்டாயிரத்துக்குக் கிடைக்காது. ஐப்பசி மழை தாண்டினால் அந்த பைப் வெல்டிங் ஓரமாகத் துருவேறி விட ஆரம்பிக்கும், அப்போது எடுத்துக்கொண்டு வா, மாட்டித் தருகிறேன்.