பிஸ்டல மாத்துனா ஸ்கோர் ஏறுமா?
மேல ஒரு அண்ணே போட்டத நெறைய பேர் ஷேர் பண்றீங்க: 10 மீட்டர் எயார் பிஸ்டல்ல குண்டு சிதறிப் போகுதுன்னா பிஸ்டல் சரியில்ல, வெல கூடினதா வாங்கினா ஸ்கோர் தானா ஏறும்னு. கோவிச்சுக்காதீங்க அண்ணே, பெரும்பாலும் அப்பிடி இல்ல. டார்கெட் பேப்பருக்கு நட்ட நடுவுல இருக்கிற பத்தாம் ரிங்கோட குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், குறி பாக்குற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் இருக்குன்னு வைங்க, ட்ரிகர இழுக்கயில முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெலகினாலும் பேப்பர்ல 33 மில்லிமீட்டர் தள்ளித்தான் விழும், அதாவது ஆறாம் ரிங். அந்த ஒரு மில்லிமீட்டர் கையில இருந்து வாறது, எந்தப் பிஸ்டலுக்கும் அது பொது.

நம்பாட்டி நீங்களே பாருங்க. ரேஞ்சுல கோச்சர வச்சுக்கிட்டு அதே பிஸ்டல மணல் மூட்டைல நல்லா அணைச்சு வச்சு அஞ்சு, பொறவு நின்னுக்கிட்டு ஒத்தக் கையில அஞ்சு, ரெண்டு பேப்பர்ல சுட்டுட்டுப் பக்கத்துல வச்சுப் பாருங்க. மூட்டைல வச்சது ஒரே ஓட்டையா விழுந்து, நின்னு சுட்டது பரவிக் கெடந்தா பிஸ்டல் மேல குத்தமில்ல. மூட்டைல வச்சும் சிதறுனா மொதல்ல வேற பெல்லட் (குண்டு) போட்டுப் பாருங்க, சைட் ஸ்க்ரூ ஆடுதான்னு பாருங்க, அதுக்கப்புறமும் சிதறுனா அண்ணே சொன்னதுதான், மாத்தலாம். நானும் ஹட்டன் குளிர்ல வெரல் வெறச்சுப்போய் ட்ரிகர வெடுக்குன்னு இழுத்துட்டு பிஸ்டலத் திட்டினவன்தான், எங்க அப்பா தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் திட்டுற மாதிரி.