தொண்டையை யாரும் விசாரிக்கிறதில்லைங்க

தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் புள்ளிராஜாவைத் தெரியாமல் இருக்காது. அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊர்ச் சுவரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி டிரைவர்களிடம் ஆணுறையைக் கொண்டு சேர்க்கப் பெரிய வேலை நடந்தது. அதன் பலனை மறுக்க முடியாது. ஆனால் கூடவே ஒரு கணக்கும் மக்கள் மனசில் உட்கார்ந்துவிட்டது. பால்வினை நோய் என்றால் எய்ட்ஸ். ஹெச்ஐவி நெகட்டிவ் என்றால் எல்லாம் சரி. வாய்வழி உறவில் எய்ட்ஸ் வராது. ஆகவே வாய்வழி உறவில் எதுவுமே வராது.

இந்த நாலில் மூன்றாவது மட்டும்தான் ஏறக்குறைய உண்மை. வாய்வழி உறவில் ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வாயில் புண், ஈறில் ரத்தக்கசிவு, வாய்க்குள் விந்து வெளியேறுவது இதெல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். மற்ற கிருமிகளுக்கு ரத்தமே தேவையில்லை. ஈரமான மெல்லிய சவ்வு கிடைத்தால் போதும். அது தொண்டையிலும் இருக்கிறது, உதட்டிலும் இருக்கிறது.

முதலில் வெட்டை நோய், கொனோரியா. ஆணுறுப்பில் வந்தால் சில நாளிலேயே சீழ் வடியும், ஒண்ணுக்குப் போனால் எரியும், ஆள் தானாக ஓடி வருவார். தொண்டையில் வந்தால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. மிஞ்சினால் லேசான கரகரப்பு. ஏசி பஸ்ஸில் வந்தது, பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசி என்று காரணமும் ரெடியாக இருக்கும். அந்த ஆள் அடுத்தவருக்கு வாய்வழி உறவு கொடுக்கும்போது கிருமி அங்கே இறங்குகிறது. வாங்கிக்கொண்டவர் "நான் ஓரலைத் தவிர வேற எதுவும் பண்ணலைங்களே" என்று தலையைச் சொறிவார்.

இங்கேதான் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப் வைத்தியம் உள்ளே வருகிறது. "ஏனுங்ண்ணா, ஒண்ணுக்குப் போனா எரியுதுங், சூடு புடிச்சிருச்சாட்ட இருக்குது, ஏதாச்சும் குடுங்." அவரும் மூணு அசித்ரோமைசினைக் கிழித்துக் கொடுப்பார். எரிச்சல் குறையும், இளநீர் குடித்ததால் சூடு இறங்கியது என்று பேரும் கிடைக்கும். ஆனால் கொனோரியா பல மருந்துகளை ஏற்கெனவே ஜெயித்த கிருமி. பெனிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் அதனிடம் தோற்றுப் போனவை. அசித்ரோமைசினும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அரைகுறையாகச் சாப்பிடும்போது பலவீனமான கிருமி சாகும், தாக்குப்பிடித்தது மிஞ்சும்.

தொண்டை இதில் தனிக் கேஸ். தொண்டைச் சதைக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேர்வது கஷ்டம். அதோடு, நம் எல்லோர் தொண்டையிலும் கொனோரியாவின் சொந்தக்காரர்களான, அதே நைசீரியா குடும்பத்தைச் சேர்ந்த சாதுவான கிருமிகள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. எந்தச் சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் அவை மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. கொனோரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாங்கும் திறனுக்கான மரபணுவை அதற்குக் கைமாற்றி விடுகின்றன. உறுப்பில் குணமாகி, தொண்டையில் குணமாகாமல் நிற்பது இதனால்தான்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கு அறிகுறியைப் பார்த்து நிறம் பிரித்த கிட் கொடுப்பார்கள். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறக் கிட்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். உறுப்பில் உள்ள தொற்றுக்கு வேலை செய்யும். தொண்டைக்குச் செஃபிக்சிம் மாத்திரை அவ்வளவு நம்பகமில்லை, செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான் சரி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2020 பரிந்துரை ஒரே ஊசியாக 500 மில்லிகிராம், சதையில். தொண்டைத் தொற்று என்றால் 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி பரிசோதித்துப் போய்விட்டதா என்று உறுதி செய்யவும் அது சொல்கிறது. ஏழு நாளுக்கு முன்னால் பார்த்தால் செத்த கிருமியின் மரபணுவே பாசிட்டிவ் காட்டித் தொலைக்கும்.

ஆக டாக்டரிடம் "வாய்வழி உறவும் உண்டுங்க" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் மருந்தே மாறிப்போகும். டாக்டர்களும் கேட்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கொனோரியா தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனை தொண்டையைப் பற்றி எதுவும் சொல்லாது. தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டு இரண்டு டான்சிலையும் பின்சுவரையும் தேய்த்து எடுத்து, பிசிஆர் முறையில் பார்க்க வேண்டும். லேப்புக்குப் போகும் முன் போன் போட்டு "தொண்டை ஸ்வாப்ல கொனோரியா, கிளமிடியா பார்ப்பீங்களா" என்று கேட்டுக்கொண்டு போங்கள் (கிளமிடியாவும் ஒரு பால்வினைத் தொற்றுதான்). "ஃபுல் பாடி செக்கப்" பேக்கேஜில் இது இருக்காது.

அடுத்தது சிபிலிஸ், மேகப்புண். இதன் முதல் புண் தொற்றிய 9 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், கிருமி நுழைந்த இடத்திலேயே வரும். வாய் வழியாக நுழைந்தால் உதடு, நாக்கு, டான்சில். நம்ம ஊரில் வாயில் புண் என்றால் வயிற்றில் புண், மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸும் சாப்பிடு என்பதுதான் வழக்கம். சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று வலிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒற்றையாக, ஓரம் கெட்டியாக, வலி அவ்வளவு இல்லாமல் இருக்கும். தாடைக்குக் கீழே நெறி கட்டும். மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாகவே மறையும். கீரைதான் குணப்படுத்தியது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு சில வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத செம்புள்ளிகள். திருப்பூர்ப் பக்கம் இதைச் சாயப்பட்டறைக் கெமிக்கல் அலர்ஜி என்று களிம்பு தடவி ஓட்டிவிடலாம், அவ்வளவு சுலபம். சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை முதல் சில வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம். சந்தேகம் இருந்தால் ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் மறுபடி எடுக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்திலேயே பிடித்தால் வைத்தியம் ரொம்ப எளிது: பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு புட்டத்திலும் 12 லட்சமாகப் பிரித்து, ஒரே தடவை. ஓராண்டு தாண்டிய தொற்று என்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். போட்ட முதல் நாளில் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். கிருமி கூட்டமாகச் சாவதால் வருவது அது. அதை ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி மீதி ஊசியை நிறுத்திவிடக் கூடாது. மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி.

உதட்டோரக் கொப்புளத்துக்கு வருவோம். காய்ச்சலுக்குப் பின்னால் கொத்தாகக் கிளம்புமே, அதுதான். ஊரில் பலர் இதை அக்கி என்று காவி குழைத்து எழுதிவிட்டு வருவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும், எழுதாவிட்டாலும் ஆறும். இது ஹெர்பீஸ் வைரஸ். ஆறினாலும் நரம்பு முடிச்சுக்குள் ஆயுசுக்கும் இருக்கும். அந்தக் கொப்புளத்தோடு வாய்வழி உறவு வைத்தால் துணையின் உறுப்பில் அதே வைரஸ் கொப்புளம் போடும். கட்டிய கணவனிடமிருந்தே வரலாம், யார் ஒழுக்கத்தையும் இதில் சந்தேகப்பட வேண்டியதில்லை. உதட்டில் குறுகுறுவென்ற உணர்ச்சி ஆரம்பித்ததிலிருந்து பொருக்கு முழுசாக உதிரும்வரை வாயைத் தள்ளியே வையுங்கள். கொப்புளம் இல்லாதபோதும் சில சமயம் வைரஸ் வெளிவரும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

மனைவி மாசமாக இருந்தால் இதில் கண்டிப்பு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் அவருக்கு முதன்முறையாக உறுப்பு ஹெர்பீஸ் வந்தால், பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று, யாரும் சொல்லாதது: கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்புக்குள் வாயால் காற்று ஊதக் கூடாது. காற்று ரத்தக்குழாயில் புகுந்தால் உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது.

வாய்வழி உறவில் தொற்றும் ஹெச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸ், குறிப்பாக 16-ஆம் வகை, டான்சிலிலும் நாக்கின் அடியிலும் பல வருஷம் கழித்துப் புற்றாகலாம். இருந்தாலும் நம் நாட்டில் வாய்ப் புற்றின் முதல் குற்றவாளி புகையிலையும் பாக்கும்தான். பயம் வேண்டுமானால் முதலில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். ஹெச்பிவிக்குத் தடுப்பூசி உண்டு: 9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். பெண் பிள்ளைக்கு மட்டும் போட்டால் போதும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரம் நின்றால் காதுமூக்குத்தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசனவாயில் வாய் வைப்பது தனி ரகம். மஞ்சள் காமாலை ஏ (ஹெபடைடிஸ் ஏ), ஷிகெல்லா சீதபேதி, குடல் புழு எல்லாம் அந்த வழி. சோப்புப் போட்டுக் கழுவினால் குறையும், போகாது.

பாதுகாப்பு என்று பார்த்தால், ஆணுக்கு ஆணுறைதான், தொட்ட முதல் நிமிஷத்திலிருந்து. பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் மெல்லிய ரப்பர்த் தாள் உண்டு, நம்ம ஊர்க் கடைகளில் கேட்டால் முழிப்பார்கள். புது ஆணுறையைப் பிரித்து, நுனியை வெட்டி, வளையத்தையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கத்தரி போட்டால் அது சதுரமாக விரியும். கடையில் ஃபிளேவர் உள்ளதோ லூப்ரிகன்ட் இல்லாததோ வாங்குங்கள், விந்துக்கொல்லி மருந்து தடவியது வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எண்ணெய் பட்டால் சில நிமிஷத்திலேயே ரப்பர் வலுவிழந்துவிடும். வாயிலிருந்து வேறு இடம் போனால் புது உறை. பைக் பெட்டியில் வெயிலில் கிடந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உறவுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பல் தேய்ப்பதும் தப்பு. ஈறில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். உறவு முடிந்தபின் மவுத்வாஷ் கொப்பளித்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஒரு பக்கமாகப் புகையிலை அதக்கி அந்தக் கன்னம் வெந்து கிடப்பவருக்கு எல்லாத் தொற்றுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் காசைக் கொட்டாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவும், ஹெச்ஐவிக்கு நம்பிக்கை மையமும் இருக்கின்றன, பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 2017-ஆம் ஆண்டு ஹெச்ஐவி சட்டப்படி உங்கள் ஹெச்ஐவி நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வாய்வழி உறவைச் சொன்னால் கேஸாகிவிடுமோ என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். வயது வந்த இருவர் சம்மதத்தோடு செய்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவில் குற்றமாக வராது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. வாயில் புண்ணோடு விந்து பட்டு, எதிராளி ஹெச்ஐவி பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் போங்கள். தேவையென்றால் 28 நாள் மருந்து தருவார்கள், அந்நேரத்தில் ஆலோசிக்க 1097 இலவச எண்.

போகும்போது துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டால் அடுத்த மாதமே திரும்பி வரும். இருவரும் சிகிச்சை எடுத்து ஏழு நாள் ஆகும்வரை எந்த உறவும் வேண்டாம், வாய்வழியும் சேர்த்துத்தான்.