வாசலைக் காணோம்

பயணி: ஐயா, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து இந்தக் கோல்ட்ஃபுட் ஊர் வரை, சரளைக்கல்லும் புழுதியுமாக 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன். வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பூங்கா ஊழியர்: எந்த வாசல்?

பயணி: 'ஆர்க்டிக்கின் வாசல்கள்' தேசியப் பூங்கா என்று பெயர் வைத்துக்கொண்டு, எந்த வாசல் என்று கேட்கிறீர்களே!

(அன்று ஊழியரிடம் வாசலைக் கேட்டு வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்பது ஊழியரின் பெருமூச்சிலேயே தெரிந்தது.)

ஊழியர்: கோயுகுக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்கும் ஃப்ரிஜிட் கிராக்ஸ், போரியல் என்ற இரண்டு மலைகளைப் பார்த்து, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே சுற்றித்திரிந்த ராபர்ட் மார்ஷல் என்ற வனவியலாளர் வைத்த பெயர் அது. கதவு வைக்க மறந்துவிட்டார்.

பயணி: அங்கே வண்டியை எங்கே நிறுத்துவது?

ஊழியர்: இங்கேயே. பூங்காவுக்குள் சாலை கிடையாது. சிறு விமானத்தில் போய் ஏரியிலோ ஆற்றங்கரைக் கல்மேட்டிலோ இறங்கலாம்; இல்லையென்றால் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே நடக்கலாம்.

பயணி: நடைபாதை நன்றாக இருக்குமா?

ஊழியர்: அதுவும் கிடையாது. புல்திட்டுகள் உண்டு, மிதித்தால் ஆடும், மிதிக்காவிட்டால் இடையிலுள்ள சேற்றில் கால் இறங்கும்.

பயணி: நுழைவுக் கட்டணம்?

ஊழியர்: இல்லை.

பயணி: அப்படியானால் வாசலில் வரிசையும் இருக்காது! எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

ஊழியர்: ஜூன் நடுவில் இங்கே சூரியனே கடையைக் கட்டுவதில்லை, வாசலை யார் மூடப்போகிறார்கள்? இந்தாருங்கள், உணவை இந்த டப்பாவில்தான் வைக்க வேண்டும். கரடியால் திறக்க முடியாது; இரவல்தான், காசு வேண்டாம்.

பயணி: இதைவிடப் பெரியது இருக்கிறதா?

ஊழியர்: எத்தனை நாள் உணவு?

பயணி: உணவுக்கில்லை. நான் உள்ளே உட்கார்ந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

ஊழியர்: முடியாது.

பயணி: பரவாயில்லை. மனிதக் காலடியே படாத நிலத்துக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாசலில் நின்று ஒரு படமாவது...

ஊழியர்: காலடி படாத நிலமா? பூங்காவின் எல்லைக்குள்ளேயே அனக்டுவுக் பாஸ் என்ற ஊரில் நுனமியுட் என்ற பழங்குடி மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் கரிபூ மான்களைத் தேடி அலைந்த மலைகளுக்கு 1980-இல்தான் பூங்கா என்ற பெயர் வந்தது. வரைபடத்தில் 34,000 சதுர கிலோமீட்டர் பச்சையாகத் தெரிந்தவுடன் ஆளில்லாத நிலம் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டு வருகிறீர்களே, அதைக் கேட்கும் அந்த ஊர்க்காரர்கள் தங்களை எந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது?

பயணி: (சற்றுப் பொறுத்து) அந்த ஊருக்கு வாசல் உண்டா?

ஊழியர்: விமான ஓடுதளம் உண்டு.

பயணி: அனக்டுவுக்! பெயர் கம்பீரமாக இருக்கிறது. என்ன பொருள்?

ஊழியர்: கரிபூப் புழுக்கை கிடக்கும் இடம். அங்கே போனால், பெயரை நம்பி ஏமாந்தேன் என்று யாரிடமும் புகார் சொல்லமாட்டீர்கள்.