அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்!

“சென்சார் போய்விட்டது சார்.” பைக் மெக்கானிக்குகளிடம் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த சென்சார்? எதை வைத்துச் சொல்கிறாய்? எங்கே அளந்தாய்? எத்தனை வோல்ட் வந்தது, எத்தனை வந்திருக்க வேண்டும்? ஒன்றுக்கும் பதில் கிடையாது. வோல்டேஜ் அளக்கும் மீட்டரை வெளியே எடுத்தவனிடம் அல்லவா பதில் இருக்கும்! மனத்தில் தோன்றியதைச் சொல்லிப் பாகத்தைக் கழற்றுகிறார்கள், புதியதை மாட்டுகிறார்கள், கோளாறு அப்படியே இருக்கிறது, அடுத்த பாகத்துக்குப் போகிறார்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் என் பணம்.

என்னுடையது 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. பிஎஸ்-6 புகை விதி 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு வாங்கியது. கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்து ஸ்க்ராம்ப்ளராக, அதாவது கரடுமுரடான பாதைக்கு ஏற்ற தோற்றமுள்ள பைக்காக மாற்றினேன். டேங்க், சீட், மட்கார்டு எல்லாம் புதிது. சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, கறுப்பு பவுடர் கோட்டிங். முன்னால் கூடுதலாக இரண்டு விளக்குகள். பார்வைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. வெல்டிங் ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி.

பகலில் ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. விடியற்காலை இருட்டில் இரண்டு விளக்குகளையும் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இழுக்காது. இருமும், திணறும், வளைவின் நடுவில் சக்தி விட்டுப் போகும், மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி அணைந்துபோவது எப்படி இருக்கும் என்று அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பட்டறையில் பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0131 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். அவ்வளவுதான், சென்சார் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது! புதியதை வரவழைத்து மாட்டினார்கள். மறுபடியும் மலை, மறுபடியும் அதே விளக்கு, அதே பி0131. அதன் பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பையும் மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன். கடைசியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையே மாற்றிப் பார்க்கலாம் என்றபோதுதான் எனக்குத் தலைக்கேறியது.

அந்த எண்ணின் பொருளைக் கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். சைலன்சர் குழாயில் இருக்கும் அந்த சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும். பெட்ரோல் அதிகமாக இருந்தால் 0.9 பக்கம் போகும். சரியாக எரியும்போது 0.45-க்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் குறைந்தே நிற்கிறது என்றால், சென்சார் கெட்டது என்று மட்டும் அர்த்தமில்லை, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அது கத்துவதாகவும் இருக்கலாம். என் வண்டியில் அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள்! எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

இடையில் வந்த அறிவுரைகளைச் சொல்லி மாளாது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார் ஒருவர். எத்தனால் 20 சதவீதம் கலந்திருந்தால் காற்று-பெட்ரோல் கலவைக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்பது உண்மை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும், நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிக்கு அது கேடு என்பதும் உண்மை. ஆனால் அதே டேங்கில் இருக்கும் அதே பெட்ரோல், பகலில் நல்லதாகவும் விளக்கைப் போட்டால் கெட்டதாகவும் எப்படி மாறும்? இதைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இன்னொருவர், “இன்ஜெக்‌ஷனைத் தூக்கிவிட்டுப் பேசாமல் கார்புரேட்டர் போட்டுவிடுங்கள்” என்றார். இதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் மேலே போனதும் பெட்ரோலை அதிகமாக ஊற்றி மூச்சு முட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி அழுத்தத்தைத் தானே அளந்து, பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டு, பிடுங்கிப் போடச் சொல்வது என்ன நியாயம்? புகை விதி என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கும் போனேன். “வண்டியை மாற்றியமைத்திருக்கிறீர்கள், நாங்கள் தொட மாட்டோம்” என்றார்கள். சரி, வாரன்டி வேண்டாம், வயரிங் வரைபடத்தையாவது கொடுங்கள் என்றேன். அது வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லையாம். நான் காசு கொடுத்து வாங்கிய வண்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நான் வெளியாள்!

கடைசியில் கண்டுபிடித்தவர் பைக் மெக்கானிக்கே அல்ல. லாரிகளுக்கு செல்ஃப் மோட்டார், டைனமோ வேலை பார்க்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஸ்கேனர்கூட அவரிடம் கிடையாது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “விளக்கு போட்டால்தான் வருகிறதா தம்பி?” என்று இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு பழைய மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தார். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை பம்பின் எர்த் வயரில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வயரில். இன்ஜினை ஓட விட்டு இரண்டு விளக்குகளையும் போடச் சொன்னார். 1.8 வோல்ட் காட்டியது. விளக்குகளை அணைத்ததும் 0.7. எர்த் ஒழுங்காக இருந்தால் 0.1, மிஞ்சினால் 0.2-க்கு மேல் காட்டக் கூடாது.

எர்த் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று கறுப்பு பவுடர் கோட்டிங்! பிளாஸ்டிக்கைப் போன்ற அந்தப் பூச்சின் மீதே எர்த் வயரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை உரசி வெளுத்த இடத்தில் மட்டும் இரும்பு கொஞ்சம் தெரிந்தது. பம்ப், ஈசியூ, கூடுதல் விளக்குகள் என அத்தனைக்கும் மின்சாரம் திரும்பிப் போக அந்தக் கீறல்தான் வழி. விளக்குகள் இரண்டும் சேர்ந்து 80 வாட், அதாவது ஆறு ஆம்பியருக்கு மேல். அவற்றைப் போட்டதும் அந்த இடத்தில் வோல்டேஜ் தொலைகிறது, பம்புக்குச் சேர வேண்டியது சேரவில்லை, 3 பார் அளவில் நிற்க வேண்டிய பெட்ரோல் அழுத்தம் ஏற்றத்தில் இறங்கிப் போகிறது, கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டுவிடுகிறது, சென்சார் அதைச் சொல்கிறது. சங்கிலி எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்! இதை மல்டிமீட்டரின் பீப் சத்தம் வைத்துச் சோதித்தால் எர்த் நன்றாக இருப்பதாகவே தெரியும். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். கீறல் வழியாக அது போய்விடும். சுமை ஏற்றி அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

உப்புத்தாளால் பூச்சைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினார். கூடுதல் விளக்குகளின் எர்த்தைப் பிரித்து நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனார். மறுபடியும் அளந்தார், 0.05. அவர் வாங்கிய கூலி, நான் சென்சாருக்குக் கொடுத்த விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. வீட்டுக்கு வந்து பழைய சென்சாரையும் பழைய பம்பையுமே திரும்ப மாட்டி, பதிவான பிழை எண்ணை அழித்து, விளக்குகளைப் போட்டுக்கொண்டு குன்னூர்வரை ஏறினேன். ஒரு இருமல் இல்லை.

பவுடர் கோட்டிங் போடும் முன் எர்த் இடத்தில் டேப் ஒட்டி மறைப்பது எவ்வளவு பெரிய வேலை? பூச்சு முடிந்து வந்ததும் சுரண்டுவதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? சேஸிஸ் பளபளக்க வேண்டும் என்று அவ்வளவு அக்கறை எடுத்தவர்கள், அதே சேஸிஸ் வழியாகத்தான் மின்சாரம் திரும்புகிறது என்பதை எப்படி மறந்தார்கள்? டேங்கை மாற்றுகிறவர்கள் காற்றுத் துளையை அடைத்துவிடுகிறார்கள். சீட்டை மாற்றுகிறவர்கள், வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சாரை இடம் தெரியாமல் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை, பேசினால் இன்று முடியாது.

புதிய சென்சாரையும் பம்பையும் பழுது இல்லாமல் திருப்பிக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்தேன். “எலக்ட்ரிக்கல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்” என்றார்கள். உங்கள் வேலையில் இருந்த பிழைக்கு, நீங்கள் அளக்காமல் சொன்ன காரணத்துக்கு, நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். முதலாளி வந்ததும் பேசுகிறோம் என்கிறார்கள். எர்த் போல்ட்டின் படமும், மீட்டரில் 1.8 காட்டும் படமும் என் கைப்பேசியில் இருக்கின்றன. முதலாளி வரும் நாளைச் சொல்லட்டும், அன்றைக்கும் போய் நிற்பேன்.