பெயர் மாறியது அதற்காக இல்லை

"சண்டை எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்தது என்று மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் தன் பெயரை டபிள்யூடபிள்யூஇ என்று மாற்றியது" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு.

அந்த உண்மையை நிறுவனமே 1989-லேயே சொல்லிவிட்டது, அதுவும் யாரும் பிடித்ததால் இல்லை, காசுக்காக. நியூ ஜெர்சி மாநிலத்தில் மல்யுத்தம் விளையாட்டுக் கணக்கில் இருந்தவரை லைசென்ஸ், மருத்துவப் பரிசோதனை, ஒளிபரப்பு வரி என்று கட்டுப்பாடுகள் இருந்தன, அதனால் 'இது உண்மையான போட்டி இல்லை, பொழுதுபோக்கு' என்று வாதாடி அதிலிருந்து விலக்குக் கேட்டார்கள். யார் ஜெயிப்பது என்று முடிவு செய்ய புக்கர் என்று தனியே ஆள் இருப்பது இந்தத் தொழிலில் அதற்கும் வெகு காலம் முந்தைய பழக்கம்.

சரி, பெயர் ஏன் மாறியது? பாண்டா சின்னம் வைத்த இயற்கைப் பாதுகாப்பு நிதியத்தின் சுருக்கப் பெயரும் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற அதே மூன்றெழுத்துதான். அதைக் குறைவாகப் பயன்படுத்துவோம் என்று 1994-ல் மல்யுத்த நிறுவனத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டு மீறினார்கள், லண்டன் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2002 மே மாதம் பெயர் மாறியது. பழைய வீடியோக்களில் வளையத்தின் மூலையில் இருந்த லோகோவைப் பல வருடம் மங்கலாக்கிக் காட்டியதும் இந்த வழக்கால்தான். 2012-ல் சமரசம் ஆன பிறகே அது நின்றது.