அப்பாவின் மெட்டு

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் சொந்தப் பெயர் ராபர்ட் ஸிம்மர்மேன் என்று போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னேன். கூட இருந்த இளைஞர் முகம் சுளித்தார். "யூதர்னு தெரியக் கூடாதுன்னு பெயரையே மாத்திக்கிட்டாரா? இது கோழைத்தனம் இல்லையா?" அப்போது பதில் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

டிலன் ஏன் மாற்றினார் என்று அவர் மனசுக்குள் புகுந்து சொல்ல முடியாது. அவருக்கு முந்தைய தலைமுறை யூத இசைக்காரர்களைப் பற்றிச் சொல்லலாம். 1893-ல் ரஷ்யாவிலிருந்து ஐந்து வயதில் நியூயார்க் வந்த இஸ்ரேல் பெய்லின், பிற்பாடு பாடலாசிரியர் இர்விங் பெர்லின் ஆனார். ஆசா யோயல்சன், பாடகர் ஆல் ஜோல்சன் ஆனார். ஹைமன் ஆர்லக், இசையமைப்பாளர் ஹெரால்ட் ஆர்லன் ஆனார். அது எப்பேர்ப்பட்ட காலம்? கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு சொந்தமாகப் பத்திரிகை நடத்தி, ஜாஸ் இசை என்பது யூதர்கள் அமெரிக்காவைக் கெடுக்கப் பரப்பும் குப்பை என்று 1921-ல் எழுத வைத்தார். கார் விற்கும் முகவர்கள் கையாலேயே அந்தப் பத்திரிகை ஊர் ஊராகப் போனது. பாடிப் பிழைக்க வந்த ஒரு பையன் அந்த நாளில் யோயல்சன் என்று போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும் என்று இன்று உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வது நியாயமே இல்லை.

வெளியே இப்படி என்றால், வீட்டில் வேறு சண்டை. இந்த மூவரின் அப்பாக்களும் யூதர்களின் ஜெப ஆலயத்தில் முன்னின்று பிரார்த்தனை பாடியவர்கள். கேன்டர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குப் பாடிய குரல் நாடகக் கொட்டகைக்குப் போவதா என்ற கோபத்தை வைத்துத்தான் 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' படமே வந்தது. அதில் ஜோல்சன்தான் மகன்.

ஆனால் ஆர்லன் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு உயிர். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறார். ட்ரம்பெட்டில் ஒரு சங்கதி வருகிறது. அப்பா அசந்துபோய், "இது இவனுக்கு எங்கேயிருந்து கிடைத்தது?" என்று கேட்டாராம். தான் பிரார்த்தனையில் இழுத்துப் பாடும் வளைவு, முன்பின் தெரியாத ஒரு கறுப்பினக் கலைஞரின் வாசிப்பில் இருந்தது. பெயரை மாற்றிக்கொண்ட மகன், அந்த மெட்டைக் கைவிடவில்லை. 'ஓவர் தி ரெயின்போ'வுக்கு இசையமைத்தவர் அவர்தான்.

ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜோல்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைப் போல வேஷம் கட்டிப் பாடினார். தன் அடையாளம் தெரியாமலிருக்கப் பெயரை மாற்றுவது வேறு. இன்னொருவரின் நிறத்தைக் கேலிக்கூத்தாக்கி மேடை ஏறுவது வேறு. அந்தக் காலம் அப்படி என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அப்புறம் காலம் மெல்ல மாறியது. 1957-ல் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்று இசைத்தட்டு போட்ட இரண்டு யூதப் பையன்கள், 1964-ல் சைமன், கார்ஃபங்கல் என்று சொந்தப் பெயரிலேயே முதல் ஆல்பம் வெளியிட்டார்கள். யூதச் சாயல் தெரிந்த மூக்கை அறுவை சிகிச்சையில் திருத்தச் சொன்னார்கள், பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் மறுத்துவிட்டார். 2006-ல் தாடியும் கறுப்புத் தொப்பியுமாக, ஆசார யூதர் கோலத்திலேயே மத்திஸ்யாஹு என்ற பாடகர் ஜமைக்காவின் ரெகே இசை பாடி அமெரிக்க ஹிட் பட்டியலில் ஏறினார். அவருடைய துணிச்சலை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அவர் ஏறி நின்ற மேடைக்கு முதல் பலகை போட்டவர்கள், பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்த அந்தப் பழைய ஆட்கள்தான். அந்த இளைஞரிடம் அன்று சொல்ல விட்டுப்போனது இதுதான்.

கனடாவின் யூதப் பாடகர் லியோனார்ட் கோஹன் கடைசிவரை கோஹனாகவே இருந்தவர். 2016-ல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அவர் உயிரோடு இருந்தபோது கடைசியாக வந்த ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு, மாண்ட்ரியாலில் அவர் குடும்பம் காலங்காலமாகப் போய்வந்த ஜெப ஆலயத்தின் பாடகர் குழுவையே பாட வைத்தார். அதில் 'ஹினேனி' என்று ஒரு சொல் வருகிறது. கடவுள் கூப்பிட்டபோது ஆபிரகாம் சொன்ன சொல். நம் தமிழ் பைபிளில் அது 'இதோ அடியேன்'. கோஹனின் கரகரத்த குரல் அடங்கிய பிறகு, அந்த ஆலயத்து கேன்டரின் குரல் தனியாக எழுந்து அந்தச் சொல்லைப் பாடும். ஹெட்போன் போட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள்.