பங்காளிகள் உலவும் பங்களா

(கொடைக்கானலுக்குக் கீழே, செண்பகனூர்ச் சரிவில் ஒரு பழைய பங்களா. வாசலில் காவல் பார்க்கும் பெரியவர். எதிரே, முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருக்கும் இளைஞர்.)

இளைஞர்: ஒளிக்காமல் சொல்லுங்கள் ஐயா, இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பெரியவர்: வழக்குக் கட்டின்படி எட்டுப் பேர், தம்பி. இளைய தாரத்து வகையில் ஒருவர் புதிதாக முளைத்திருப்பதாகக் கேள்வி. அவரையும் சேர்த்தால் ஒன்பது.

இளைஞர்: ஒன்பதா! நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பெரியவர்: ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் வருவார்கள். வந்ததும் சுவர்களைத் தடவிப் பார்ப்பார்கள், ஒவ்வோர் அறையையும் அடியெடுத்து அளப்பார்கள், நள்ளிரவு வரை ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் அலறுவார்கள். விடிந்து பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள், பித்தளை அண்டாவும் இருக்காது.

இளைஞர்: பாவம், ஆசை தீராமல் அலைகிறார்கள்.

பெரியவர்: எப்படித் தீரும்? ஆளுக்கு நான்கு சென்ட் சாலையோரமாகவே வேண்டும் என்கிறார்கள். சாலையோரம் இருப்பதே ஆறு சென்ட்.

இளைஞர்: மந்திரவாதி யாரையாவது அழைத்துப் பார்த்தீர்களா?

பெரியவர்: இரண்டு வக்கீல்களை அழைத்தார்கள். அதன் பிறகுதான் அலறல் கூடியது. வீட்டைக் கட்டிய தாத்தா இறந்ததில் சோகமில்லை, தம்பி. தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்துவிட்டுத்தான் போனார். உயில் எழுதாமல் போனதுதான் சோகம். என் சம்பளத்தை எந்தப் பங்காளி தர வேண்டும் என்பதும் அந்த வழக்கிலேயே கிடக்கிறது.

இளைஞர்: பங்காளிகளா? ஐயா, நான் பேய்களைப் பற்றிக் கேட்கிறேன்!

பெரியவர்: பேயா? 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர்ச் சுற்றுலா வண்டி எதுவும் இ-பாஸ் இல்லாமல் மலையேறக் கூடாது. உங்கள் பேயிடம் இ-பாஸ் இருக்கிறதா?

(வார இறுதியானால் இப்படிக் கேமராவுடன் வருகிறவர்கள் யாரும் வாசற்கதவைத் தட்டி அனுமதி கேட்பதில்லை என்பதையும், நேராகப் பின்பக்கச் சன்னலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இவர் வாசலுக்கு வந்ததே பெரிய மரியாதை.)

இளைஞர்: அது வெளியூர்ப் பேய் இல்லை ஐயா. வெள்ளை கவுன் அணிந்த ஒரு துரைசாணி, காய்ச்சலில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு இங்கேயே அழுதுகொண்டு நடக்கிறாளாம்.

பெரியவர்: மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் சொந்தபந்தங்களைப் பறிகொடுத்து, முதலில் சிறுமலைக்கு ஓடி, அங்கும் காய்ச்சல் விடாமல் துரத்தியதால்தான் 1845-இல் கொடைக்கானலில் வந்து வீடு கட்டினார்கள். ஆகவே, அந்த அம்மாள் அழ வேண்டிய இடம் மதுரை. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக வருகிறாள் என்றால், இ-பாஸ் எங்கே?

இளைஞர்: அப்படியென்றால் இரவில் மேலே கேட்கிறதே, அந்தச் சத்தம்?

பெரியவர்: பகல் வெயிலில் விரிந்த தகரக் கூரை, இரவுக் குளிரில் சுருங்கும்போது படபடவென்று சத்தம் போடும். அதற்குப் பிறகு தடதடவென்று ஓடுவது மரநாய். அது உள்ளூர், இ-பாஸ் தேவையில்லை.

இளைஞர்: பார்க்கிறவர்கள் ஒரு சோகக் கதையை எதிர்பார்க்கிறார்கள், ஐயா. நீங்கள் ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறீர்கள்.

பெரியவர்: சோகம்தானே வேண்டும்? மலைச்சாலை வருவதற்கு முன்னால் அந்தத் துரைசாணிகள் நடந்தா வந்தார்கள்? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து, வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நம் ஆட்கள் நாற்காலியோடு தோளில் தூக்கிவந்தார்கள். பேய்க்கதை சொல்லுகிற அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளையே பேயாக்குகிறீர்களே, தூக்கியவன் ஒருவனுக்குக்கூடவா பேயாகும் தகுதி இல்லை? அதே வெள்ளகவியில் அண்மைக்காலம் வரை சாலை கிடையாது. நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைப் படம் பிடிக்க உங்களில் யாராவது போனீர்களா?

இளைஞர்: அதை யார் ஐயா பார்ப்பார்கள்? (சற்று யோசித்து) உங்கள் வேட்டி நல்ல வெள்ளையாக இருக்கிறது. இருட்டிய பிறகு ஒரே ஒருமுறை மாடியிலிருந்து இறங்கி வருகிறீர்களா? முகம் தெரியாமல் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவர்: வருவதில் எனக்கொன்றும் இல்லை, தம்பி. ஆனால் மாடி இரண்டாமவர் கேட்கும் பங்கு, படிக்கட்டு மூத்தவர் கேட்கும் பங்கு. தீர்ப்பு வரும்வரை படிக்கட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று மூத்தவர் தடையாணை வாங்கி வைத்திருக்கிறார். பறந்து வந்தால்தான் உண்டு.